100 டாலருக்கு விற்ற ஆட்டம், ஆயுள் முழுக்க தடை: யார் இந்த ஜிம் டெவ்லின்? பேஸ்பாலை உலுக்கிய 1877 ஊழலில் நடந்தது என்ன?

ஒரு அணி ஒரு சீசன் முழுக்க ஆடிய 61 ஆட்டங்கள். அத்தனை ஆட்டத்திலும், அத்தனை இன்னிங்ஸிலும் பந்து வீசியது ஒரே ஒரு ஆள். மாற்று வீரர் கிடையாது, ஓய்வும் கிடையாது. கேட்டால் கதை மாதிரி இருக்கும். ஆனால் அமெரிக்காவின் லூயிவில் நகர அணிக்காக 1877-ல் ஜிம் டெவ்லின் செய்தது இதைத்தான்.

அந்த சீசன் முடிந்த சில வாரங்களில் அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்துபோனது. சூதாட்டக்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். அவரோடு சேர்த்து 4 வீரர்களுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. மன்னிப்பு கேட்டுக் கேட்டுப் பார்த்தும் கதவு திறக்கவில்லை. 34 வயதில் காசநோயால் இறந்துபோனார்.

அவர் செய்தது தப்பு. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தப்புக்கேற்ற தண்டனைதானா அது? சூதாட்டப் புகார் எழும்போதெல்லாம் விளையாட்டு உலகம் இன்றும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது.

யார் இந்த டெவ்லின்?

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1849-ல் பிறந்தவர் ஜிம் டெவ்லின். 1873-ல் தொழில்முறை பேஸ்பாலுக்கு வந்தார். முதலில் அவர் பிட்சரே கிடையாது; முதல் பேஸில் நின்று ஃபீல்டிங் செய்தவர். சிகாகோ அணியில் இருந்தபோதுதான் பந்து வீச ஆரம்பித்தார்.

பேஸ்பாலில் பிட்சர் என்றால் கிரிக்கெட்டின் பவுலர் மாதிரி. ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பவுலர் மாறுவார். பேஸ்பாலில் ஆட்டத்தை ஆரம்பிக்கும் பிட்சரே தொடர்ந்து வீசிக்கொண்டிருப்பார். இப்போதெல்லாம் சில இன்னிங்ஸுக்குப் பிறகு பிட்சரை மாற்றிவிடுவார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் முழு ஆட்டமும் அவர் தலையில்தான்.

1876-ல் நேஷனல் லீக் தொடங்கியபோது டெவ்லின் லூயிவில் கிரேஸ் அணிக்குப் போனார். அந்த ஆண்டு அவர் வீசியது 622 இன்னிங்ஸ். அணி வென்ற 30 ஆட்டங்களிலும் வெற்றி பெற்ற பிட்சர் அவர்தான். பேட்டிங்கிலும் சோடை போகவில்லை. பேட்டருக்கு அருகில் வந்ததும் சட்டென்று கீழே இறங்கும் பந்துதான் அவருடைய ஆயுதம்.

1877-ல் வீசியது 559 இன்னிங்ஸ். ஒரு அணியின் ஒரு சீசன் முழுவதையும் ஒரே பிட்சர் வீசி முடித்தது மேஜர் லீக் வரலாற்றில் அந்த ஒரு முறைதான்.

ஒரே ஆளால் இவ்வளவு வீச முடியுமா?

முடிந்தது. காரணம் அன்றைய விதிகள். கையைத் தோளுக்கு மேலே தூக்கி வீச அப்போது அனுமதி இல்லை. இடுப்புக்குக் கீழிருந்துதான் பந்தை விட வேண்டும். பிட்சர் நிற்கும் கட்டத்தின் முன்கோட்டுக்கும் பேட்டருக்கும் இடையே 45 அடிதான் தூரம். இன்றைய 60 அடி 6 அங்குல தூரம் 1893-ல்தான் வந்தது. பந்து உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று பேட்டரே கேட்டு வாங்கலாம்.

பெரும்பாலான வீரர்கள் கையுறை இல்லாமல் வெறும் கையால்தான் பந்தைப் பிடித்தார்கள். அதனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தைத் தவறவிடுவது சகஜம். இந்த விஷயம் பின்னால் முக்கியமாகிறது. ஒருத்தர் கேட்ச் விட்டால் அது கை வலியா, கையூட்டா என்று பார்க்கிறவர்களால் சொல்லவே முடியாது.

அப்போது சூதாட்டம் எந்த அளவுக்கு இருந்தது?

நேஷனல் லீக் பிறந்ததற்கே சூதாட்டம் ஒரு முக்கிய காரணம். அதற்கு முன் 1871 முதல் 1875 வரை இருந்த தொழில்முறை சங்கத்தில் பந்தயக்காரர்கள் ஆட்டத்தைச் சுற்றியே இருந்தார்கள். 'பூல் ரூம்' எனப்படும் பந்தயக் கூடங்களில் ஆட்டத்தின் மீது பணம் கட்டுவார்கள். எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் தந்தி மூலம் நிலவரம் வந்துவிடும். வீரர்கள் மீது சந்தேகம் எழுவது வாடிக்கை. தண்டனை கிடைப்பதுதான் அபூர்வம்.

ஒரு உதாரணம். 1865-ல் நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணியின் 3 வீரர்கள் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது அம்பலமானது. மூவரும் நீக்கப்பட்டார்கள். ஆனால் 1870-க்குள் மூன்று பேரும் மன்னிக்கப்பட்டுத் திரும்பிவிட்டார்கள். தடை என்றால் கொஞ்ச நாள் வெளியே இருப்பது, அவ்வளவுதான். வீரர்கள் மனதில் இருந்த கணக்கு இது.

இந்தக் கணக்கை மாற்ற வந்தவர் சிகாகோ அணியின் உரிமையாளர் வில்லியம் ஹல்பர்ட். அவரும் விதிகளை வளைத்தவர்தான். 1875 சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே பாஸ்டன் அணியின் 4 நட்சத்திர வீரர்களை அடுத்த ஆண்டுக்கு ரகசியமாக ஒப்பந்தம் செய்தவர் அவர். ஆனால் புதிய லீக் தொடங்கியதும் கண்டிப்பானவராக மாறினார். முதல் சீசனின் கடைசியில் ஒப்புக்கொண்ட வெளியூர் ஆட்டங்களை ஆடாத நியூயார்க், பிலடெல்பியா ஆகிய இரண்டு பெரிய நகர அணிகளையே வெளியே அனுப்பினார். டெவ்லின் விவகாரம் வெடித்தபோது லீக்கின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் இவர்தான்.

1877-ல் என்ன நடந்தது?

ஆகஸ்ட் நடுவில் லூயிவில் அணிதான் முதலிடம். கோப்பை கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது என்றே ஊரில் பேச்சு. அப்போது கிழக்கு நகரங்களுக்குப் பயணம் போன அணி, அடுத்தடுத்து தோற்கத் தொடங்கியது. சுலபமான பந்துகள் கை நழுவின. தேவையான நேரத்தில் பேட் அடிக்கவில்லை. சீசன் முடிந்தபோது பாஸ்டன் 42 வெற்றிகளோடு சாம்பியன். லூயிவில் 35 வெற்றிகளோடு இரண்டாமிடம்.

இதற்கிடையே அணியின் மூன்றாவது பேஸ் வீரருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனது. அவருக்குப் பதிலாக ஆல் நிக்கல்ஸ் என்பவரை எடுக்கலாம் என்று பரிந்துரைத்தவர் ஜார்ஜ் ஹால். சாதாரண ஆள் இல்லை இந்த ஹால். நேஷனல் லீக்கின் முதல் சீசனில் 5 ஹோம் ரன் அடித்து, அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். நிக்கல்ஸ் வந்து சேர்ந்த பிறகு அவருக்குத் தந்திகள் வருவது அதிகமானது.

அணி நிர்வாகி சார்லஸ் சேஸுக்கு முகவரி இல்லாத எச்சரிக்கைத் தந்திகள் வந்தன. உங்கள் அணியில் ஏதோ சரியில்லை, பந்தயக்காரர்கள் உங்களுக்கு எதிராகப் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான் அவற்றின் சாரம்.

சந்தேகத்தைக் கிளப்பியது யார்?

உள்ளூர் நாளிதழான கூரியர்-ஜர்னலின் இளம் நிருபர் ஜான் ஹால்டிமன். இவருடைய அப்பாதான் அந்தப் பத்திரிகையின் உரிமையாளர். லூயிவில் அணியின் தலைவரும் அவரே. ஜான் ஹால்டிமனே அந்த சீசனில் அணிக்காக ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறார். அதாவது இந்த வீரர்களோடு ஒரே மைதானத்தில் நின்றவர். எது வழக்கமான தவறு, எது வேண்டுமென்றே செய்தது என்று அவருக்குக் கொஞ்சம் பிடிபட்டது. தோல்விகள் இயல்பானவை இல்லை என்று வெளிப்படையாகவே எழுதத் தொடங்கினார்.

சொந்த அணியைப் பற்றி, சொந்தக் குடும்பப் பத்திரிகையில் இப்படி எழுதியதுதான் விஷயத்தை மூடி மறைக்க முடியாமல் செய்தது.

மாட்டிக்கொண்டது எப்படி?

அக்டோபர் மாதக் கடைசியில் சேஸ் விசாரணையில் இறங்கினார். டெவ்லினிடம் பேசினார். பிறகு ஹாலை அழைத்தார். டெவ்லின் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று நினைத்த ஹால், தன் பங்கைச் சொல்லத் தொடங்கினார். அதன் பிறகு டெவ்லினாலும் மறைக்க முடியவில்லை.

அடுத்த அடி தந்திகள். அந்தக் காலத்தில் தந்திதான் இன்றைய வாட்ஸ்அப். வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் ஒருவருடைய தந்தியை அவர் சம்மதம் இல்லாமல் காட்டாது. அதனால் நிர்வாகம் எல்லா வீரர்களிடமும் சம்மதம் கேட்டது. மறுத்தால் சந்தேகம் வரும் என்ற நிலை.

தந்திகளில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது: 'சாஷ்'. இடுப்பில் கட்டும் துணிப்பட்டை என்பது அதன் சாதாரண அர்த்தம். ஆனால் இங்கே அதுதான் ரகசியக் குறியீடு. மெக்லவுட் என்ற நியூயார்க் சூதாட்டக்காரர் அந்த வார்த்தையை டெவ்லினுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். பணம் வேண்டுமென்றால் அதைப் போட்டு ஒரு தந்தி அடித்தால் போதும்.

டெவ்லின் வாங்கியது எவ்வளவு?

மெக்லவுட் கடிதத்தில் வைத்து 100 டாலர் அனுப்பியதாக டெவ்லின் வாக்குமூலம் கொடுத்தார். அதில் ஹாலுக்குக் கொடுத்தது 25 டாலர். வந்ததே 50 டாலர்தான் என்று ஹாலிடம் பொய் சொல்லியிருக்கிறார். கூட்டாளியையே ஏமாற்றிய கதை இது.

ஹால் தன் தரப்பில் சொன்னது வேறு. புரூக்ளினில் இருந்த மைத்துனர் ஒருவர், ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி தன்னைத் தொடர்ந்து நச்சரித்ததாகச் சொன்னார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இருவரும் விட்டுக்கொடுத்ததாகப் பெயர் சொன்ன ஆட்டங்களில் பெரும்பாலானவை லீக் கணக்கில் சேராத நட்புமுறை ஆட்டங்கள். அப்படியானால் ஆகஸ்டில் கோப்பையைக் கோட்டைவிட்டது? அதுவும் விற்பனையா, இல்லை களைப்பா? வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஒரே பிட்சரை வைத்து மொத்த சீசனையும் ஓட்டிய அணி அது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் ஒரு முறை விற்றவர் என்று தெரிந்த பிறகு, மற்ற தோல்விகளை யார் நம்புவார்கள்?

சிக்கிய 4 பேரும் ஒரே அளவு குற்றவாளிகளா?

இல்லை. இதுதான் இந்த வழக்கின் சிக்கலான பகுதி.

ஜிம் டெவ்லின் - பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டவர்.

ஜார்ஜ் ஹால் - இவரும் ஒப்புக்கொண்டவர்.

ஆல் நிக்கல்ஸ் - ஹாலின் வாக்குமூலத்தாலும் தந்திகளாலும் சிக்கியவர்.

பில் கிரேவர் - அணியின் கேப்டன். இவருக்கு எதிராக வாக்குமூலமும் இல்லை, தந்தியும் இல்லை. தந்திகளைப் பார்க்க சம்மதம் தர மறுத்தார். முதலில் எனக்குத் தரவேண்டிய சம்பளத்தைக் கொடுங்கள் என்றார். முன்பே அவர் மீது சந்தேகப் பேச்சுகள் இருந்தன. மறுத்ததே குற்றமாகிவிட்டது.

சம்பள பாக்கி விஷயம் வெறும் சாக்கு இல்லை. லூயிவில் நிர்வாகம் வீரர்களுக்குச் சரியாகப் பணம் கொடுக்கவில்லை. குடும்பத்தோடு இருந்த ஒரு பிட்சர், அணியின் எல்லா ஆட்டங்களையும் வீசிவிட்டுச் சம்பளத்துக்குக் காத்திருந்தார். அப்போதுதான் கடிதத்தில் 100 டாலர் வந்தது. இது அவர் செய்ததை நியாயமாக்காது. ஆனால் சூதாட்டக்காரர்களுக்குக் கதவு எப்படித் திறக்கிறது என்பதைக் காட்டுகிறது.

தீர்ப்பு என்ன?

1877 அக்டோபர் இறுதியில் லூயிவில் அணி நால்வரையும் நீக்கியது. டிசம்பரில் நேஷனல் லீக் அதை உறுதி செய்தது. வாழ்நாள் தடை. கொஞ்ச நாளில் தணிந்துவிடும் என்று பலரும் நினைத்திருக்கலாம். ஹல்பர்ட் தணியவில்லை.

இதன் பாதிப்பு 4 பேரோடு நிற்கவில்லை. முக்கிய வீரர்களை இழந்த லூயிவில் அணி 1878 சீசனுக்கு முன்பே லீக்கை விட்டு விலகியது. டெவ்லினையும் ஹாலையும் அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்து வைத்திருந்த செயின்ட் லூயிஸ் அணியும் வெளியேறியது. இரண்டு ஆண்டுகூட முடியாத லீக், தன் நல்ல பிட்சரையும் இரண்டு நகரங்களையும் இழந்தது. ஆனால் ரசிகர்களின் நம்பிக்கையை இழக்கத் தயாராக இல்லை.

தடைக்குப் பிறகு டெவ்லின் என்ன ஆனார்?

1878 பிப்ரவரியில் பாஸ்டன் அணியின் மேலாளர் ஹாரி ரைட்டுக்கு டெவ்லின் ஒரு கடிதம் எழுதினார். எழுத்துப்பிழைகள் நிறைந்த கடிதம் அது. கையில் காசில்லை, குடும்பத்துக்கு உடுக்கத் துணியில்லை, எந்த வேலையாக இருந்தாலும் செய்கிறேன், மைதானத்தைப் பராமரிக்கும் வேலை கொடுத்தால்கூடப் போதும் என்று கெஞ்சியிருந்தார். சில மாதங்களுக்கு முன் அதே பாஸ்டனோடு கோப்பைக்குப் போட்டி போட்ட பிட்சர், புல் வெட்டும் வேலையாவது கிடைக்காதா என்று கேட்டார்.

லீக் கூட்டங்களுக்கும் போய் முறையிட்டுக்கொண்டே இருந்தார். அந்த நாட்களில் ஹல்பர்ட்டின் அலுவலகத்தில் நடந்ததாக ஒரு சம்பவத்தை முன்னாள் பிட்சர் ஆல்பர்ட் ஸ்பால்டிங் 1911-ல் வெளியான தன் புத்தகத்தில் சொல்கிறார். கிழிந்த உடையோடு வந்த டெவ்லின் மண்டியிட்டு மன்னிப்பு கேட்டாராம். கண்கலங்கிய ஹல்பர்ட் தன் சட்டைப்பையிலிருந்து 50 டாலர் எடுத்துக் கொடுத்தாராம். இது உன் மேல் எனக்கு இருக்கும் பாசத்துக்கு, ஆனால் ஆட்டத்தை விற்ற உன்னை நம்ப முடியாது, திரும்பச் சேர்க்கவும் முடியாது என்ற அர்த்தத்தில் சொல்லி அனுப்பினாராம். 30 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட நினைவு என்பதால் ஒவ்வொரு சொல்லும் அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் லீக்கின் மனநிலை அதுவாகத்தான் இருந்தது.

1880-ல் லீக் ஒரே அடியாகக் கதவைச் சாத்தியது. இந்த நால்வரின் தண்டனை எப்போதும் நீக்கப்படாது, இனிமேல் இவர்களுடைய முறையீட்டை எடுத்துக்கொள்ளவே மாட்டோம் என்று அறிவித்தது.

டெவ்லின் சொந்த ஊரான பிலடெல்பியாவில் போலீஸ் வேலைக்குச் சேர்ந்தார். ஆட்டத்தில் நம்ப முடியாதவர் என்று விலக்கப்பட்டவரை ஊர்க்காவலுக்கு நம்பினார்கள் என்பது விதியின் விளையாட்டுதான். கிரேவரும் பின்னாளில் போலீஸ்காரர் ஆனார். 1883 அக்டோபர் 10 அன்று டெவ்லின் காசநோயால் இறந்தார். மனைவியும் குழந்தையும் தவித்து நின்றார்கள். ஹல்பர்ட் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். மேலிருந்து கை சுழற்றி வீசும் முறையை லீக் 1884-ல் அனுமதித்தபோது, அதைப் பார்க்க டெவ்லின் இல்லை.

கடுமையான தண்டனை சூதாட்டத்தை ஒழித்ததா?

இல்லை. 1919 உலகத் தொடரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் சூதாட்டக்காரர்களோடு கைகோர்த்தது அம்பலமானது. அதிலும் முக்கியப் புள்ளிகளில் ஒருவர் பிட்சர்தான்: எடி சிகாட். அவர் வாங்கியது 10,000 டாலர். நீதிமன்றத்தில் விடுதலையான பிறகும், 1921-ல் 8 வீரர்களுக்கு நிரந்தரத் தடை விதிக்கப்பட்டது. பணம் வாங்கினால் ஆயுள் தடை என்ற அடித்தளம் 1877-லேயே போடப்பட்டிருந்தது.

பிட்சரை ஏன் திரும்பத் திரும்ப குறிவைக்கிறார்கள்? எளிமையான காரணம். மற்ற வீரரிடம் பந்து வந்தால்தான் அவர் தவறு செய்ய முடியும். பிட்சர் கையில்தான் ஒவ்வொரு பந்தும் தொடங்குகிறது. கொஞ்சம் வேகம் குறைந்தால் போதும், வெளியே யாருக்கும் தெரியாது.

1989-ல் சூதாட்டப் புகாரில் நிரந்தரத் தடைக்கு ஆளான பீட் ரோஸ் 2024-ல் இறந்தார். 2025 மே மாதம் மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் ஒரு முக்கிய முடிவை அறிவித்தார். வீரர் இறந்துவிட்டால் நிரந்தரத் தடையும் அதோடு முடிந்துவிடும் என்பதுதான் அது. ரோஸ், சிகாட், ஷூலெஸ் ஜோ ஜாக்சன் உள்ளிட்டோரின் பெயர்கள் தடைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. இறந்த ஒருவரால் இனி ஆட்டத்துக்கு ஆபத்தில்லை என்பது இதன் அடிப்படை.

அப்படியானால் டெவ்லின் விஷயத்தில் எது சரி?

ஹல்பர்ட் பக்கமும் நியாயம் உண்டு. 1865-ல் காட்டிய மன்னிப்பு யாரையும் திருத்தவில்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வருகிறவர் பார்ப்பது நிஜமான போட்டிதான் என்ற நம்பிக்கை போனால், லீக்கே இல்லை. அன்று கொஞ்சம் இளகியிருந்தால் நேஷனல் லீக்கும் பழைய சங்கத்தின் வழியில் போயிருக்கலாம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சம்பளம் பாக்கி வைத்த நிர்வாகத்துக்கு எந்தத் தண்டனையும் இல்லை. பணம் கொடுத்த மெக்லவுட் லீக்கின் கைக்கு எட்டாதவர். ஒப்புக்கொண்டவருக்கும், எதுவும் நிரூபிக்கப்படாத கிரேவருக்கும் ஒரே தண்டனை. உண்மையைச் சொன்னால் கொஞ்சமாவது குறையும் என்ற வாய்ப்பே இல்லையென்றால், அடுத்து மாட்டுகிற வீரர் வாயைத் திறப்பாரா?

இன்றைய விளையாட்டு அமைப்புகள் சூதாட்டப் புகார்களை விசாரிக்கும்போது, தானாக முன்வந்து சொல்கிறவருக்குத் தண்டனையைக் குறைப்பதும், குற்றத்தின் அளவைப் பார்த்துத் தடைக்காலத்தை முடிவு செய்வதும் பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. டெவ்லினுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

ஒரு சீசனின் மொத்த இன்னிங்ஸையும் வீசிய அந்தச் சாதனை மட்டும் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இன்றைய ஆட்டமுறையில் அதை முறியடிக்க யாராலும் முடியாது. 559 இன்னிங்ஸ், 35 வெற்றி என்று பதிவுப் புத்தகத்தில் நிற்கும் அந்த வரியில், எந்த ஆட்டத்தில் முழு மனதோடு வீசினார், எதில் கையைத் தளர்த்தினார் என்பது மட்டும் எழுதப்படவில்லை. 100 டாலருக்கு அவர் கொடுத்த விலை அதுதான்: நேர்மையாக வீசிய பந்துகளையும் சந்தேகத்தோடு பார்க்க வைத்துவிட்டார்.